கண்மாய்க் கையேடும் பக்கம் கட்டுபவர்களும்

அருப்புக்கோட்டையில் தறிச் சத்தம் கேட்கும் தெருக்களை ஒட்டியே டிடிபி கடைகள் இருக்கின்றன. கல்யாணப் பத்திரிகை, பங்குனிப் பொங்கல் நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று அன்றாடம் வருகிற வேலை அங்கே ஓடிக்கொண்டிருக்கும். அப்படி ஒரு கடைக்குத்தான் கண்மாய் பராமரிப்புக் கையேடு ஒன்று வந்து சேர்ந்தது. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து விவசாயிகள் சிலரும் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவரும் சேர்ந்து எழுதியது. கரை, மடை, கலுங்கு, வரத்துக்கால் என்று ஒவ்வொன்றுக்கும் அளவு குறித்த கோட்டுப்படங்கள் உண்டு. பெரிய புத்தகம். எழுத்தைச் செம்மை செய்யும் பொறுப்பு என்னிடம் வந்ததால், எந்த மென்பொருளில் பக்கம் கட்டுவது என்ற கேள்வியும் கூடவே வந்தது.

கடையை நடத்தும் அக்கா பேஜ்மேக்கரில் கைதேர்ந்தவர். விசைப்பலகையைப் பார்க்காமலே மேட்டர் அடிப்பார். 1985இல் ஆல்டஸ் நிறுவனம் வெளியிட்ட அந்த மென்பொருள் பிறகு அடோபியின் கைக்குப் போய், 2001இல் வந்த 7.0 பதிப்போடு நின்றுவிட்டது. இருந்தும் சின்ன ஊர்களின் அச்சு வேலை நெடுங்காலம் அதன் மேல்தான் ஓடியது. யூனிகோட் தமிழை அதில் அடிக்க முடியாது. பழைய எழுத்துருக்களில் ‘கொ’ என்பது கொம்பு, க, கால் என்று மூன்று துண்டுகளாகக் கோப்பில் கிடக்கும். அதே மேட்டரை எடுத்துக் கைபேசியில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் கொட்டும். தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்று ஆணையிட்டும், பழைய குறியாக்கத்தில் முடங்கிக் கிடக்கும் புத்தகங்கள் ஏராளம்.

எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது படங்களின் எண். “படம் 4.7 காண்க” என்று எழுதியிருக்கிறோம். பொறியாளர் 4.3க்குப் பிறகு ஒரு படம் சேர்க்கச் சொன்னார். அக்கா ஒரு காகிதத்தில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு வரிசை எழுதிக்கொண்டார். பின்னாலிருந்து தொடங்கி, கடைசி எண்ணை முதலில் மாற்றி, அடித்துவிட்டு, அதற்கு முந்தியதற்கு வந்தார். முன்னாலிருந்து மாற்றினால் 4.4 என்பது 4.5 ஆகி, அடுத்த சுற்றில் அதுவே 4.6 ஆகிவிடும் என்பது அவருக்குப் பழக்கத்தில் தெரியும். “நடுவுல ஒரு படம் நொழஞ்சா பின்னாடி இருக்கிற அம்புட்டும் மாறணும் சார். ஒன்னு விட்டுப்போனாலும் படிக்கிறவுக தப்பான மடையில போய் நிப்பாக” என்றார். இவ்வளவு கவனம் உள்ளவருடைய உழைப்பை எண் மாற்றுவதில் செலவழிக்க வைப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

எண்களைத் தானே பார்த்துக்கொள்ளும் கருவி என்றால் முதலில் டெக் வரும். கணினியியல் அறிஞர் டொனால்டு கனூத், தம் நூலின் புதிய பதிப்புக்கு வந்த அச்சுப்படியின் தரம் பிடிக்காமல், 1977இல் தாமே உருவாக்கத் தொடங்கிய மென்பொருள் அது. அதை விரித்து 2004இல் ஜோனதன் கியூ செய்த ஜீடெக் யூனிகோட் தமிழை நேரடியாக ஏற்கும். காசு கிடையாது. படத்துக்கு ஒரு பெயர் கொடுத்துவிட்டால் எண்ணும் குறிப்பும் தானே அமையும். கண்மாய் நீரை வெளியே விடும் குமிழித்தூம்பு பற்றிய அத்தியாயத்தை அதில் ஓட்டிப் பார்த்தோம். வரிகள் அழகாக நிரவி வந்தன. படங்கள்தான் இடம் கிடைத்த பக்கத்துக்குத் தள்ளிப்போயின.

அந்தப் பக்கங்களை அச்செடுத்துத் திருச்சுழிக்கு எடுத்துப்போனோம். குண்டாற்றங்கரை ஊர். சுற்றிலும் வடகிழக்குப் பருவமழை கொடுப்பதைக் கண்மாயில் தேக்கி விவசாயம் பார்க்கும் பூமி. மடை திறந்து நீர் பாய்ச்சியே வயதான பெரியவர் ஒருவர் கரையில் உட்கார்ந்து படித்தார். குமிழித்தூம்பில் மேலே தண்ணீர் போக நீரோடித் துளை, அடியில் வண்டல் போகச் சேறோடித் துளை. எந்தத் துளையை எப்போது திறப்பது என்று வாசகம் சொல்கிறது. துளைகள் இருக்கும் இடத்தைக் காட்டும் படமோ தாளின் மறுபக்கத்தில் இருந்தது. அவர் புரட்டினார், திரும்பி வந்தார், மறுபடி புரட்டினார். “தம்பி, படத்தப் பாக்கத் தாளப் புரட்டுனா படிச்சது மறந்துபோகுது. ரெண்டும் ஒரே பார்வையில இருக்கட்டும்.”

புத்தகத்தின் வடிவத்தைத் தீர்மானித்தது அந்தப் பேச்சுதான். படமும் வாசகமும் எதிரெதிர்ப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றால், கண்ணால் பார்த்துக் கையால் நகர்த்தும் மென்பொருள்தான் தோது. டெக்கிலும் படத்தைக் கட்டி நிறுத்தலாம். ஆனால் இத்தனை படங்களுக்கு அது மல்லுக்கட்டு. இலவசமான ஸ்கிரைபஸையும் பார்த்தோம். 2024 தொடக்கத்தில் வந்த 1.6 பதிப்பில் தமிழ் எழுத்துகள் ஒழுங்காக அமைகின்றன. சிறு நூலுக்குத் தாராளமாகப் பரிந்துரைப்பேன். நீண்ட நூலைத் துண்டு துண்டாக வைத்துக்கொண்டு படக்குறிப்புகளைத் தொடர்ந்து எண்ண அதில் வசதி போதவில்லை.

கடைசியில் இன்டிசைன். மாதாமாதம் சந்தா கட்ட வேண்டும், அது சுமைதான். ஆனால் அத்தியாயங்களைத் தனிக் கோப்புகளாக வைத்து ஒரே நூலாகக் கோக்கலாம், படக்குறிப்புகளை இணைக்கலாம், பொருளடக்கத்தைத் தானே எடுக்கலாம். பத்தி அமைப்பில் ‘வேர்ல்டு ரெடி கம்போசர்’ என்பதைத் தேர்ந்துகொண்டால் கொம்பும் காலும் தத்தம் இடத்தில் உட்காரும். பேஜ்மேக்கரில் பழகிய அக்காவின் கைக்கும் அது சீக்கிரம் வசப்பட்டது. இணைப்பு கொடுத்த பிறகு ஒரு படத்தை நடுவில் நுழைத்து, குறிப்புகளைப் புதுப்பித்து, எண்கள் மாறியதைக் கண்டு அவர் சிரித்த சிரிப்பில் பல வருட அலுப்பு தெரிந்தது.

படங்களில் ஒரு வேலை பாக்கி இருந்தது. சில வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்தவை. அச்சில் கோடு பிசிறும். அவற்றை இங்க்ஸ்கேப்பில் கோடாகவே திரும்ப வரைந்தோம். படத்துக்குள் இருக்கும் பெயர்களை உருவமாக மாற்றாமல் எழுத்தாகவே விட்டோம், அடுத்த பதிப்பில் திருத்த வேண்டுமே. சிவகாசி அச்சகத்துக்குப் போவது எழுத்துரு பொதிந்த பிடிஎஃப் மட்டும்.

தமிழில் தொழில்நுட்ப நூல் கொண்டுவருபவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். மென்பொருளை முடிவு செய்யும் முன், படம் அதிகமுள்ள, சிக்கலான அத்தியாயத்தைப் பக்கம் கட்டி, அதைப் பயன்படுத்தப் போகிறவர் கையில் கொடுத்துப் பாருங்கள். மேட்டரை யூனிகோடில் மட்டும் அடியுங்கள். பக்கம் கட்டுபவருக்குப் புது மென்பொருளைப் பழக நாளும் அதற்கான கூலியும் கொடுங்கள். வேலை முடிந்ததும் மூலக் கோப்பு, எழுத்துரு, படங்கள் எல்லாவற்றையும் கேட்டு வாங்கி இரண்டு இடங்களில் வையுங்கள்.