கடல் கன்னியின் நாக்கு

கடல் உள்ள தேசத்தில் எல்லாம் மனிதன் மீன் பிடித்திருக்கிறான், உப்புக் காய்ச்சியிருக்கிறான், கூடவே ஒரு கடல் கன்னியையும் கற்பனை செய்து வைத்திருக்கிறான். இடுப்புக்கு மேலே பெண், கீழே மீன். ஒரு தேசத்தில் அவள் பாட்டுப் பாடிக் கப்பலைப் பாறையில் மோத வைப்பாள். இன்னொரு தேசத்தில் கரைக்கு வந்து குடித்தனம் நடத்திவிட்டு, ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் தண்ணீருக்கே திரும்பிவிடுவாள்.

அவளை நேரில் பார்த்ததாகச் சொன்னவர்களும் உண்டு. 1493 ஜனவரியில் ஹிஸ்பானியோலா தீவின் கரையோரம் மூன்று கடல் கன்னிகளைக் கண்டதாகவும், சித்திரங்களில் இருக்கும் அளவுக்கு அவர்கள் அழகாக இல்லை என்றும் கொலம்பஸின் பிரயாணக் குறிப்பில் இருக்கிறது. அவர் பார்த்தது மானட்டி என்ற பிராணியாக இருக்க வேண்டும் என்கிறார்கள். நம் பாக் ஜலசந்தியில் புல் மேய்கிற கடல் பசுவுக்கு அது ஒன்றுவிட்ட உறவு. மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்து வெறும் தண்ணீரையே பார்த்துக் கொண்டிருந்த மனிதர்களுக்கு அது பெண்ணாகத் தெரிந்ததில் ஆச்சரியம் இல்லை. அப்படியும் அழகு போதவில்லை என்று குறை சொன்னார்களே, அதுதான் ஆச்சரியம்!

தாய்லாந்து தேசத்து ராமாயணத்திலும் ஒருத்தி வருகிறாள். ராவணனின் மகள், சுவர்ணமச்சா, அதாவது பொன்மீன், என்று பெயர். அனுமார் சேது கட்டுவதற்காகப் போடுகிற கல்லையெல்லாம் அவளும் அவள் பரிவாரமும் கடலுக்கடியில் அப்புறப்படுத்திவிடுகிறார்கள். அனுமார் கோபத்தோடு கடலில் குதிக்கிறார். காதலோடு வெளியே வருகிறார். பிள்ளைகூடப் பிறக்கிறது! நித்திய பிரம்மசாரியான அனுமாரைத் தவிர வேறு அனுமாரை அறியாத நம் பாட்டிமார் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார்கள்.

இத்தனை பேரிலும் என் மனசை விட்டு அகலாதவள் ஒருத்திதான். டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1837-ல் எழுதிய கதையில் வருகிற சின்னக் கடல் கன்னி.

கதை பலருக்குத் தெரிந்ததுதான். ஆறு சகோதரிகளில் அவள் கடைக்குட்டி. பதினைந்து வயது நிறைந்த அன்று தண்ணீருக்கு மேலே வந்து உலகத்தைப் பார்க்கிறாள். ஒரு கப்பல், அதில் ஓர் இளவரசன். அன்றிரவே புயலில் கப்பல் உடைகிறது. மூழ்கவிருந்தவனைத் தாங்கி எடுத்துவந்து கரையில் சேர்க்கிறாள். அவன் கண் விழிக்கும்போது பக்கத்தில் இருப்பது வேறொரு பெண். அவனையும் மறக்க முடியாமல், மனிதருக்கு வாய்த்திருக்கிற அழியாத ஆத்மாவின் மேலும் ஆசைப்பட்டு, இவள் கடல் சூனியக்காரியிடம் போகிறாள். வாலுக்குப் பதில் கால் கிடைக்கும். ஆனால் ஒவ்வோர் அடியும் கத்தி மேல் நடப்பது போல் வலிக்கும். அவன் வேறு ஒருத்தியை மணந்துகொண்டால் மறுநாள் விடியும்போது இவள் வெறும் நுரை. இவ்வளவுக்கும் கூலி, கடலிலேயே இனிமையான அவள் குரல். நாக்கை அறுத்துக் கொடுத்துவிட்டுத்தான் கரையேறுகிறாள்.

இதைக் காதல் தோல்விக் கதை என்று சொல்வார்கள். எனக்கு அந்த அபிப்பிராயம் இல்லை. அந்த இளவரசன் கெட்டவன் அல்ல. அவளைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறான். ஒரு குழந்தையிடம் காட்டுகிற பிரியத்தைக் காட்டுகிறான். தன்னைக் கரையில் காப்பாற்றிய பெண்ணைத்தான் தன்னால் நேசிக்க முடியும் என்று அவளிடமே சொல்கிறான். அவள் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். 'அது நான்தான்' என்று இரண்டு வார்த்தை போதும். அந்த இரண்டு வார்த்தைக்குத்தான் நாக்கு இல்லை.

இதை எழுதிய மனிதருக்குக் குரலின் விலை தெரியும். செருப்புத் தைக்கிறவரின் மகன் அவர். தாயார் பிறர் துணி துவைத்துப் பிழைத்தவள். 1819-ல், 14 வயதில், தன்னந்தனியாகக் கோபன்ஹேகன் நகரத்துக்கு வந்து சேர்ந்தபோது அவரிடம் இருந்த ஆஸ்தி நல்ல சாரீரம் ஒன்றுதான். ஸிபோனி என்ற இத்தாலியப் பாட்டு வாத்தியார் பையனுடைய குரலைக் கேட்டுவிட்டுச் சேர்த்துக்கொண்டார். கொஞ்ச காலத்துக்குள் மகரக்கட்டு வந்து குரல் உடைந்தது. பாட்டும் போயிற்று, வாத்தியாரும் போனார். பிற்பாடு நல்லவர்கள் சிலர் கை கொடுத்துப் படிக்கவைத்தார்கள் என்பது வேறு விஷயம். பேர் சொல்ல இருந்த ஒரே பொருளும் பறிபோன பிறகு அந்நிய ஊரில் ஊமையாக நிற்பது எப்படி இருக்கும் என்பதை அவர் யாரையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

கதையின் முடிவு எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. சகோதரிகள் தங்கள் கூந்தலை அறுத்துக் கொடுத்து ஒரு கத்தி வாங்கி வருகிறார்கள். இளவரசனைக் குத்தினால் அவள் பிழைத்துக்கொள்ளலாம். அவனோ புது மனைவியோடு தூங்கிக்கொண்டிருக்கிறான். அவள் கத்தியைக் கடலில் வீசிவிட்டுத் தானும் விழுகிறாள். நுரையாகக் கரைந்தவளைக் காற்றின் புத்திரிகள் தங்களோடு சேர்த்துக்கொள்கிறார்கள்; 300 வருஷம் நற்செயல் செய்தால் ஆத்மா கிடைக்கும் என்று ஓர் ஆறுதல். அவன் அவளைக் கடலில் தேடிப் பார்க்கிறான்; நடந்தது என்னவென்று கடைசி வரை அவனுக்குத் தெரியாது.

1989-ல் டிஸ்னி கம்பெனியார் எடுத்த சித்திரப்படத்தில் இந்தத் துக்கமெல்லாம் கிடையாது. சூனியக்காரி சாகிறாள், கல்யாணம் நடக்கிறது. மேதாவிகள் சிலர் இதைக் குறை சொல்வதுண்டு. எனக்குக் கல்யாணத்தில் ஆட்சேபணை இல்லை. அந்தப் பெண்ணுக்குக் குரல் திரும்பி வருகிறதே, அந்த இடத்தில் எனக்கு மனப்பூர்வமாகச் சந்தோஷம். ஆனாலும் திரும்பத் திரும்ப நான் எடுத்துப் படிப்பது ஆண்டர்சனைத்தான்.

அதற்குக் காரணம் உண்டு. சில வருஷங்களுக்கு முன் ஒரு தொடர்கதை எழுதினேன். அதில் வரும் பெண் கல்யாணத்துக்கு முன் சங்கீதம் கற்றவள். புக்ககத்தில் அவளை யாரும் பாடாதே என்று சொல்லவில்லை. பாடு என்றும் சொல்லவில்லை. கதை பாதி நடக்கும்போது ஒரு வாசகியிடமிருந்து கார்டு வந்தது. இந்த மாதிரிக் கடிதங்கள் வழக்கமாக, அவளைச் சாகடித்துவிடாதீர்கள், புருஷனோடு சேர்த்து வையுங்கள் என்றுதான் சொல்லும். இந்த அம்மாள் அதையெல்லாம் கேட்கவில்லை. "அவளை ஒரே ஒரு தடவை பாட விடக் கூடாதா? நானும் பாடுவேன் என்பது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது" என்று எழுதியிருந்தாள். விலாசம் இல்லை.

நான் அந்தப் பெண்ணைப் பாட வைக்கவில்லை. அந்த வீட்டில் அவள் பாட மாட்டாள் என்பது எனக்குத் தெரியும். ஆனால், விலாசம் இருந்திருந்தால் அந்த அம்மாளுக்கு இப்படிப் பதில் எழுதியிருப்பேன்: அவளைக் காப்பாற்றுவது கதாசிரியன் கையில் இல்லாமல் போகலாம். யார் காப்பாற்றினார்கள் என்பது இளவரசனுக்குத் தெரியாமலே போய்விட்டது. ஆனால் 1837-லிருந்து அந்தக் கதையைப் படித்த ஒவ்வொரு குழந்தைக்கும் அது தெரியும். அவள் நாக்கைச் சூனியக்காரி வாங்கிக்கொண்டாள். அவள் சொல்ல நினைத்ததை ஆண்டர்சன் நம்மிடம் சொல்லிவிட்டார். என் கதையில் வருகிறவள் பாடக்கூடியவள் என்று அவள் வீட்டாருக்குத் தெரியாது. அம்மா, உங்களுக்குத் தெரிந்துவிட்டது. உங்களைப் பற்றி எனக்கும் தெரிந்துவிட்டது.