சூடேறும் வரை

எனக்குப் பேச வராது. ஊமையில்லை. நாலு பேர் முன்னால் வாய் திறந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வகுப்பில் ‘உள்ளேன் ஐயா’ சொல்வதற்குள் வேர்த்துவிடும். கூச்ச சுபாவம் என்றார்கள். அது சுபாவமில்லை என்று விளங்க எனக்கு வெகுநாள் ஆயிற்று. டீக்கடையில் தனித் தம்ளரைக் கழுவி எடுத்துக்கொண்டு ஓரமாக நின்று வளர்ந்தவன் நான். வாயைத் திறந்தால் அடுத்து ‘நீ எந்தத் தெருடா?’ என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தே வாயை மூடிப் பழகினேன்.

1990இல் ஒன்பதாம் வகுப்புக்காக மதுரைப் பக்கம் ஓர் ஆதிதிராவிடர் நல விடுதியில் சேர்ந்தேன். அங்கே தெரு கேட்க ஆளில்லை, எல்லோரும் சேரிப் பிள்ளைகள்தான். இருந்தும் தட்டை எடுத்துக்கொண்டு மூலையில்தான் உட்காருவேன். பயம் என்னோடு பஸ் ஏறி வந்திருந்தது.

அம்பேத்கர் நூற்றாண்டுக் கூட்டத்தில் அடிப்பதற்காக விடுதி அண்ணன்கள் சாயங்காலத்தில் பறை பழகினார்கள். பக்கத்துச் சேரித் தாத்தா ஒருவர் சொல்லிக்கொடுத்தார். நான் வேடிக்கை பார்க்கப் போனவன். ‘சும்மா நிக்கிறதுக்கு அந்த வைக்கோலக் கொளுத்துடா பேராண்டி’ என்றார். அதுதான் என் முதல் வேலை.

தீயில் காட்டினால்தான் தோல் விறைக்கும். சூடு குறைந்தால் சத்தம் தொப்பென்று செத்துவிடும். மிஞ்சினால் தோல் கெட்டுவிடும். திருப்பித் திருப்பிக் காட்டி, விரலால் தட்டிப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் பேச்சு நடக்கும். எல்லோர் கண்ணும் தீயில் இருக்கும், என் முகத்தை யாரும் பார்க்கமாட்டார்கள். அதனால் எனக்கும் ஒவ்வொரு வார்த்தையாக வந்தது.

என் வயசுப் பையன் ஒருத்தன், அருந்ததியர் தெருக்காரன், ஒருநாள் அவன் அம்மா கொடுத்துவிட்ட கம்பு உருண்டையை நீட்டினான். என் கை தயங்கியது. எங்கள் தெருவில் அவர்கள் வீட்டுத் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். தனித் தம்ளர் பிடித்த கைக்கு அந்தத் தயக்கம் எங்கிருந்து வந்தது? அவன் கவனித்துவிட்டான். ‘ஏன் மாப்ள, நாங்க தொட்ட தோல மட்டும் தோள்ல மாட்டிக்கிறீங்க?’ சிரித்துக்கொண்டுதான் கேட்டான். வாங்கித் தின்றேன். ‘தப்புதான்டா’ என்றேன். நானாக ஒருத்தனிடம் மனசு விட்டுச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

பிறகு என் கையிலும் பறை வந்தது. இடது கையில் மெல்லிய சிம்புக்குச்சி, வலது கையில் கட்டையான அடிக்குச்சி. ஆள் தவறி அடித்தால் காது கண்டுபிடித்துவிடும். ஆனால் அடி மாறுவதைக் கண்ணால்தான் சொல்வார்கள். தலைகுனிந்தே நடந்த எனக்கு அதுதான் கஷ்டம். ‘குச்சியப் பாக்காத, எதுக்க நிக்கிறவனப் பாரு’ என்பார் தாத்தா. எதிரே நின்றவன் அந்தக் கம்பு உருண்டைக்காரன். பார்த்தேன்.

லீவில் ஊருக்குப் போய்ச் சொன்னபோது அய்யா சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டார். ஊர்த்தெரு எழவுக்கு இனி அடிக்கமாட்டேன் என்று பறையைக் கிழித்தவர் அவர். அதற்காக ஓர் அறுப்புக் காலம் முழுக்க எங்கள் வீட்டுக்கு வயல் வேலை கொடுக்கவில்லை.

‘நான் கீழ போட்டத நீ ஏன்டா எடுக்குற?’

‘எழவுக்கு இல்லய்யா, நம்ம கூட்டத்துக்கு.’

‘எதுக்கு அடிக்கிறன்னு தோலுக்குத் தெரியுமாடா?’

எனக்குப் பதில் வரவில்லை. இந்தத் தடவை கூச்சத்தால் அல்ல.

1991 ஏப்ரல் 14 ராத்திரி அடித்தோம். முடிந்ததும் ஒவ்வொருவரும் பேரும் ஊரும் சொல்லச் சொல்லி மைக்கைக் கொடுத்தார்கள். பேரைச் சொன்னேன், ஊரைச் சொன்னேன். கேட்காமலே தெருவையும் சொன்னேன்.

இன்றைக்குக் கல்லூரி மேடைகளில் பறை ஒலிக்கிறது. 2018 ஜனவரியில் சென்னையில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு மேடையேறியது. சந்தோஷப்பட்டேன். அதே சமயம் எழவுக்கு அடித்தே ஆக வேண்டும் என்று சேரியை மிரட்டுகிற ஊர்களும் இருக்கின்றன. அதனால் அய்யாவின் கேள்வி பழசாகவில்லை.

அய்யா 2004இல் செத்துப்போனார். ‘என் சாவுக்குப் பறை கூடாது’ என்று சொல்லி வைத்திருந்தார். சேதி கேட்டு விடுதிக் கூட்டாளிகள் வேன் பிடித்து வந்தார்கள். பறைகளும் வண்டியில் இருந்தன. அய்யா சொன்னதைச் சொன்னேன். ஒருத்தன்கூட பறையை இறக்கவில்லை. அந்த அருந்ததியர் தெருக்காரன் பாடைக்குத் தோள் கொடுக்க முன்னால் வந்தான். எங்கள் சொந்தத்தில் இரண்டு பேர் முகத்தைச் சுளித்து விலகினார்கள்.

‘இவன் என் கூட்டாளி. விலகுறவுக விலகிக்கங்க’ என்றேன். குரல் நடுங்கத்தான் செய்தது. ஆனாலும் தெருவுக்கே கேட்டது.

சுடுகாடு வரை பறையில்லாமல் நடந்தோம்.