கைதட்டலும் இசையே

பதிவு நிலையத்தில் உருவாகும் இசைத்தட்டுகளைக் காட்டிலும், மக்கள் முன்னிலையில் அரங்கிலே பதிவானவையே எனக்கு இனியன. நிலையத்திற் பிழை நேர்ந்தால் மீண்டும் வாசித்துத் திருத்தலாம். அரங்கிலோ நேர்ந்தது நேர்ந்ததே. எனினும் அங்கே மக்கள் இருக்கிறார்கள்.

அயர்லாந்து நாட்டுப் புளூஸ் றொக் கலைஞர் றொறி கலகர், 1974 சனவரியில் பெல்பாஸ்ற், டப்ளின், கோர்க் ஆகிய நகரங்களிற் கிற்றார் வாசித்தார். அப்பயணத்தின் பதிவுகள் அதே ஆண்டில் 'ஐரிஷ் ரூர் 74' என்னும் இரட்டை இசைத்தட்டாக வெளிவந்தன. பெல்பாஸ்ற் அந்நாளிற் குண்டுவெடிப்புகளால் நடுங்கிய நகரம். வெளியூர்க் கலைஞர் பலர் அங்கே செல்ல அஞ்சினர். கலகரோ வண்ணம் உதிர்ந்த தம் பழைய கிற்றாருடன் மீண்டும் மீண்டும் சென்றார்.

1995இல் அவர் மறைந்தார். 2014இல் அப்பயணப் பதிவுகள் ஏழு குறுந்தட்டுகளாக விரிந்தன. அவற்றுள் பெல்பாஸ்ற் கச்சேரியைக் கேட்கும்போதெல்லாம், என் செவி கிற்றாரை விட்டுக் கைதட்டலையே நாடுகிறது. வெளியே பகைத்து நின்ற கத்தோலிக்க, புரட்டஸ்தாந்து இளைஞர்கள் உள்ளே ஒன்றாய் எழுப்பிய ஒலி அது. அதில் எந்தக் கை எவருடையது என்று பிரித்தறிய வல்ல செவி உண்டோ?