கழுத்துக்குள் நான்கு பயறுகள்

எமது அத்தானுக்குச் சிறுநீரகம் செயலிழந்து ஏழு ஆண்டுகளாகின்றன. வாரத்தில் மூன்று நாள் வைத்தியசாலைக்குச் சென்று இரத்தத்தைச் சுத்திகரித்துக்கொண்டு வருவார். அவ்வாழ்வுக்கு அவரும் அக்காவும் ஒருவாறு பழகிவிட்டனர். ஆயின் சென்ற ஆண்டு மாரி தொடங்கியபோது புதியதொரு துன்பம் வந்து சேர்ந்தது. உடம்பெங்கும் ஓயாத அரிப்பு, எலும்புக்குள் உளைவு. நாற்காலியை விட்டெழுவதற்கே பேரனின் தோளைப் பற்ற வேண்டியதாயிற்று. வாதமென்றெண்ணி நாம் எண்ணெய் காய்ச்சித் தேய்த்தோம். எண்ணெய்க்கு இளகும் நோயா அது?

கழுத்தில் சத்திரசிகிச்சை செய்யவேண்டுமென டொக்டர் கூறியதும் திகைத்துப் போனோம். நோய் சிறுநீரகத்தில், கத்தி கழுத்திலா?

டொக்டர் பொறுமையாக விளக்கினார். தைரொயிட்டுச் சுரப்பியின் பின்புறத்தே பயறளவான நான்கு சிறு சுரப்பிகள் உள்ளன. பராதைரொயிட்டு என்பது அவற்றின் பெயர். மனித உடலில் அவற்றைக் கண்டு 1880 இல் எழுதி வெளியிட்டவர் சுவீடன் நாட்டு ஐவர் சாண்ட்ஸ்ட்ரோம். கண்டபோது அவர் மருத்துவ மாணவரே. இரத்தத்திலுள்ள கல்சியத்தின் அளவைக் காப்பது இச்சுரப்பிகளின் கடமை. சிறுநீரகம் தளர்ந்தால் பொசுபரசு வெளியேறாது தேங்கும். விற்றமின் டியும் உடலுக்குதவும் வடிவம் பெறாது. கல்சியம் குறையவே, சுரப்பிகள் ஓய்வின்றி உழைத்துப் பருக்கின்றன. நாளடைவில் எக்கட்டளைக்கும் அடங்காமல் எலும்பிலுள்ள கல்சியத்தை உருவத் தொடங்குகின்றன. வீட்டுக் காவலாளியே வளையைக் கழற்றி விற்பது போலத்தான்.

உணவுக் கட்டுப்பாடும் மாத்திரைகளும் பயன் தராதபோதே கத்தி. மூன்றரைச் சுரப்பிகளை அகற்றி அரையை விட்டுவைப்பது ஒரு முறை. நான்கையும் அகற்றி, ஒன்றின் சிறு துண்டுகளை முன்கைத் தசையில் பதிப்பது மற்றொன்று. அமெரிக்க அறுவை மருத்துவர் சாமுவேல் வெல்ஸ் 1975 இல் அம்முறையை எழுதினார். துண்டுகள் மீண்டும் பருத்தால், கழுத்தைத் திறவாமலே கையிலிருந்து எடுத்துவிடலாம். அத்தானுக்கு இதுவே செய்வதென முடிவாயிற்று; சுத்திகரிப்புக்கு ஊசியேற்றாத மற்றக் கையில்.

அக்காவின் அச்சமெல்லாம் குரலைப் பற்றியது. குரலுக்குரிய நரம்பு அவ்விடத்தை ஒட்டியே செல்கின்றது. அத்தானோ முப்பது ஆண்டுகள் தமிழ் படிப்பித்தவர். மாலையில் பேரப்பிள்ளைகளுக்குப் பாரதக் கதை சொல்வதே அவருக்கு எஞ்சிய இன்பம். வைத்தியசாலைக்குப் போகுமுன் இரவு, கர்ணன் கதையை ஒரே இருப்பில் முடித்தார். பிள்ளைகள் உறங்கி விழுந்த பின்னரும் நிறுத்தவில்லை. நாம் கேட்டுக்கொண்டிருந்தோம்.

மயக்கம் தெளிந்ததும் குரல் கரகரத்தது. ஆயினும் குரல் இருந்தது. “இஞ்சேருங்கோ” என்றழைத்த அக்கா மேலே பேச முடியாமல் அழுதுவிட்டாள்.

மகிழ்ந்தது ஒரு பொழுதுதான். மறுநாள் உதடும் விரல் நுனிகளும் விறைத்துக் கூசின. நெடுநாட் பட்டினி கிடந்த எலும்புகள் கல்சியத்தை ஒரேயடியாக உறிஞ்சிக்கொள்ள, இரத்தத்தில் அது தாழ்ந்துவிட்டது. ‘பசித்த எலும்பு’ என்பர் மருத்துவர். நரம்பு வழியே கல்சியம் ஏற்றினர். அடிக்கடி இரத்தம் எடுத்துச் சோதித்தனர். எம்மை உறங்கவிடாதவை அந்த நாட்களே. அரிப்போ ஒரு வாரத்துள் போன இடம் தெரியவில்லை.

இப்பொழுதும் அக்கா ஒவ்வொரு வேளையும் மாத்திரைகளை எண்ணிச் சிறு தட்டத்தில் வைக்கிறாள். அத்தான் தாமாகவே எழுந்து விறாந்தைக்கு வருகிறார். முன்கைத் தழும்பைப் பேரன் தொட்டுப் பார்த்து, “அம்மப்பா, இதுக்குள்ளே என்ன இருக்குது?” என்று கேட்பான்.

“என்ரை கழுத்து,” என்பார் அவர்.