ஏழாவது பாட்டு

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தரை மணிக்கு எனக்குக் காசிமேட்டில் என்ன வேலை? வேறென்ன, வீட்டில் வஞ்சிரம் கேட்டாங்க!

ராயபுரம் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் இறங்கி நடந்தேன். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் கிளம்பியது இங்கேயிருந்துதான். அந்தப் பெருமையெல்லாம் ஸ்டேஷனுக்கே மறந்துபோச்சு போலிருக்கு, அமைதியாகத் தூங்குகிறது. ரோட்டில் கன்டெய்னர் லாரிகள்தான் முழித்துக்கொண்டு நிற்கின்றன.

மீன்பிடித் துறைமுகத்தில் ஒரே ஏலக் கூச்சல். வஞ்சிரம் விலையைக் கேட்டதும், 'உடம்புக்கு சங்கராதான் நல்லது' என்று முடிவு பண்ணினேன்.

வலைக் குவியல் மேலே உட்கார்ந்திருந்தார் எங்கள் பழைய தெருக்கார அண்ணன். பகலில் படகுக்கு ஐஸ் ஏற்றுவார். ராத்திரியில் கானா பாடுவார்.

"ஆல்பம் போட்டீங்களே, என்னண்ணே ஆச்சு?"

"பத்துப் பாட்டு குட்த்தேம்பா. 'ரேடியோவுக்கு ஒண்ணு போதும், ஜாலியா குடு'ன்னான் கம்பெனிக்காரன். மாமியார் வெச்ச மீன் கொழம்பு பத்தி ஒண்ணு கீதே... மூணாவது பாட்டு, அத்த மட்டும் எட்த்துனு பூட்டான்!"

அமெரிக்காவில் கன்ட்ரி பாட்டுக்காரர்களுக்கும் இதே கதைதான். ஆல்பத்தில் பத்துப் பன்னிரண்டு பாட்டு இருக்கும். ரேடியோவுக்கு எது போகணும் என்பதில் கம்பெனிக்கும் ஸ்டேஷன்காரர்களுக்கும்தான் பெரிய குரல். நேயர்களுக்கு போன் போட்டு, பாட்டில் சில விநாடிகளை மட்டும் ஓட்டி, 'பிடிச்சிருக்கா?' என்று கேட்டு வடிகட்டுகிற வழக்கமும் அங்கே உண்டு. பெண் பார்க்கப் போய் சுண்டுவிரலை மட்டும் பார்த்துவிட்டுத் தலையாட்டுகிற மாதிரி!

நம்ம ஊரில் சினிமாதான் சல்லடை. 1996-ல் 'காதல் கோட்டை'யில் தேவா தானே கானா பாடினார். 2006-ல் 'சித்திரம் பேசுதடி'யில் கானா உலகநாதன் வாள மீனுக்கும் விலாங்கு மீனுக்கும் கல்யாணமே நடத்தி வைத்தார். 2012-ல் 'அட்டகத்தி'யில் கானா பாலா. சல்லடையில் தங்குவது பெரும்பாலும் துள்ளல் பாட்டு. ஆனால் கானா வளர்ந்த இடங்களில் ஒன்று சாவு வீடு சார்! டோலக் இல்லாவிட்டால் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு, போனவர் பேரைப் பாட்டிலேயே சேர்த்து, விடிய விடியப் பாடுவார்கள்.

"என் பெஸ்ட்டு ஏழாவது பாட்டுதாம்பா" என்றார் அண்ணன். "சாவு வூட்ல ஜனம் அத்ததான் ரெண்டு வாட்டி, மூணு வாட்டி கேக்கும். ரேடியோல போட்டா, காலைல பல்லு வெளக்கினுகீறவன் அழுவான். எவன் போடுவான்?"

"நாலு வரி பாடுங்கண்ணே..."

"அத்த சும்மா பாடக் கூடாது. உங்க வூட்ல எதுனா ஆச்சுன்னா சொல்லு. துட்டு வாணாம், நானே வந்து பாடறேன்!"

காலங்கார்த்தாலே என்ன வார்த்தை! மீன் பையைத் தூக்கிக்கொண்டு ஓட்டம் பிடித்தேன். திருவொற்றியூர் தாண்டி விம்கோ நகர் வரைக்கும் 2021-லேயே மெட்ரோ வந்துவிட்டதுதான். ஆனால் சங்கராவோடு ஏ.சி. பெட்டியில் ஏற தைரியம் வரவில்லை. ஷேர் ஆட்டோதான்.

எட்டு மாசம் கழித்து, திருவொற்றியூர் வீட்டில் அப்பா போய்விட்டார்.

எண்ணூர் அனல் மின் நிலையத்தில் வேலை பார்த்தவர். 1970-ல் மின்சாரம் தர ஆரம்பித்த அந்த நிலையத்தை 2017-ல் மூடினபோது, மொட்டை மாடியில் நின்று ரொம்ப நேரம் வடக்கே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை.

நான் சொல்லி அனுப்பவில்லை. ராத்திரி பத்து மணிக்கு அண்ணன் வந்தார். கூட இரண்டு பையன்கள், ஒரு டோலக். செருப்பை வாசலில் விட்டார். அப்பா காலைத் தொட்டுக் கும்பிட்டார். பந்தலில் உட்கார்ந்து பாட ஆரம்பித்தார்.

ஏழாவது பாட்டு. அதற்குள் அப்பாவின் பேர், நைட் ஷிப்ட், சைக்கிள், எண்ணூர்ப் புகை எல்லாம் எப்படியோ வந்து உட்கார்ந்துகொண்டன. சாயங்காலத்திலிருந்து கல்லு மாதிரி இருந்த அம்மா அப்போதுதான் அழுதாங்க.

பாட்டு முடிந்தது. அண்ணன் தண்ணீர் கேட்டார். சொம்பை எடுக்க எழுந்த என் கையை அம்மா பிடித்துக்கொண்டாங்க.

"அவரை அந்தப் பாட்டையே இன்னொரு வாட்டி பாடச் சொல்லுடா."