காவலூர்க் கண்ணாடியும் அதைச் செய்த கைகளும்

வாணியம்பாடியில் ரயிலை விட்டு இறங்கி ஆலங்காயம் பஸ் பிடித்தால், ஊர் முடிந்த கையோடு ஜவ்வாது மலை எதிரே எழுந்து நிற்கிறது. ஆலங்காயத்துக்கு அப்பால் சாலை வளைந்து வளைந்து ஏறுகிறது. சாமைக் கொல்லைகள், புளியமரங்கள், இடையிடையே பலா. தலைச்சுமையோடு ஓரமாக நடந்துபோகும் மலையாளிப் பழங்குடிப் பெண்கள். ஜமுனாமரத்தூர் போகிறவர்கள் அதே சாலையில் மேலே போய்க்கொண்டே இருப்பார்கள். நான் காவலூரில் இறங்கிக்கொண்டேன். சுமார் 100 ஏக்கர் காட்டுக்கு நடுவே, மர உச்சிகளுக்கு மேல் வெள்ளைக் குவிமாடங்கள் தெரிந்தன. வைணு பாப்பு வானாய்வகம்.

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பயனர் அனுபவ வடிவமைப்புக் குழுவை நடத்துவது என் வேலை. எங்கள் பேச்சு வழக்கில் யூஎக்ஸ். மருத்துவமனைகளில் நர்சுகளும் பதிவு கவுன்டர் ஊழியர்களும் நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும் திரைகளை நாங்கள் வடிவமைக்கிறோம். ஆய்வு செய்பவர், வரைபவர், எழுதுபவர், நிரல் எழுதுபவர் என்று வெவ்வேறு கைத்தொழில் தெரிந்தவர்களை ஒரே வேலையில் இணைத்து, அவர்களை வளர்த்தும் விடவேண்டும். அதைச் செய்வது எப்படி என்று சொல்லும் புத்தகங்களுக்குப் பஞ்சமில்லை. பெரும்பாலானவை கலிஃபோர்னியாவில் எழுதப்பட்டவை. ஆப்பிள் நிறுவனத்தில் டான் நார்மன் தன் பதவிப் பெயரில் 'பயனர் அனுபவம்' என்பதைச் சேர்த்துக்கொண்டது 1993-இல். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே இந்த மலைக்காக ஒரு குழு அந்த வேலையைச் செய்து முடித்திருந்தது. அதைப் பார்க்கத்தான் வந்தேன்.

அந்தக் குழுவின் பெரிய படைப்பு 2.34 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடி கொண்ட தொலைநோக்கி. குவிமாடத்துக்குள் நுழைந்ததும் அண்ணாந்து பார்க்கத்தான் தோன்றும். நானும் அண்ணாந்து பார்த்தேன். குதிரை லாட வடிவத் தாங்கியில் கிடக்கும் அந்த இரும்புக் கூட்டைப் பார்த்து முடித்த பிறகு, என்னைச் சுற்றிக்காட்ட வந்த பெரியவர் வேறொன்றைக் கையில் கொடுத்தார். தொலைநோக்கியை இயக்கும் இரவுப் பணியிலேயே தலை நரைத்தவர் அவர். கொடுத்தது பழைய கைப்பெட்டி ஒன்று. கையகலம். கீழிருந்து தடித்த கேபிள் வால். மேலே வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று நான்கு பொத்தான்கள், பக்கத்தில் வேகத்தை மாற்ற ஒரு விசை.

"கண்ண மூடிக்கிட்டுப் புடிச்சுப் பாருங்கம்மா" என்றார்.

மூடிக்கொண்டு பிடித்தேன். கட்டைவிரல் தானாகவே நான்கு பொத்தான்களுக்கும் நடுவில் போய் உட்கார்ந்தது. எந்தப் பக்கம் நகர்த்தினாலும் ஒரு பொத்தான். விசை மட்டும் உருவத்திலேயே வேறுபட்டது, அதைப் பொத்தானென்று நினைத்து அமுக்கிவிட முடியாது. குவிமாடத்துக்குள் விளக்கு எரியக்கூடாது. அவசரத்துக்கு மங்கலான சிவப்பு விளக்கு மட்டும். ஒளிப்படத் தகடுகள் இருந்த காலத்தில் ஒரு மங்கலான நட்சத்திரத்தின் ஒளியைப் பதிய மணிக்கணக்கில் ஆகும். அவ்வளவு நேரமும் வழிகாட்டி நட்சத்திரத்தைக் குறுக்கு இழையை விட்டு நகரவிடாமல் ஒருவர் கண்ணை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அது நூலளவு விலகினால் விரலால் திருத்த வேண்டும். மார்கழிக் குளிரில் கணப்பும் வைக்க முடியாது, வெப்பக் காற்று எழும்பினால் பிம்பம் அலையும். விறைத்த விரல், தூக்கக் கண், இருட்டு. இந்த மூன்றையும் மனத்தில் வைத்துச் செய்த பெட்டி அது. எங்கள் குழுவில் புதிதாகச் சேருபவர்களுக்குப் பயனர் யார் என்று விளக்க நான் படக்காட்சி போடுவேன். இந்தப் பெட்டியை ஒரு நிமிடம் கையில் கொடுத்தால் அதைவிட அதிகம் புரிந்துவிடும்.

இப்படியொரு குழு எப்படி உருவாயிற்று?

மணாலி கல்லாட் வைணு பாப்பு 1927-இல் சென்னையில் பிறந்தவர். அவர் தந்தை ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் வேலை பார்த்தவர். ஆகவே கருவிகளுக்கு நடுவில்தான் பிள்ளை வளர்ந்தார். ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது, 1949-இல், ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். அதில் அவர் பெயரும் சேர்ந்திருக்கிறது. 1960-இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநரானார். இரவு வானத்துக்குப் பொருத்தமான இடம் தேடி அவர் கண்டடைந்தது காவலூர். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ பன்னிரண்டரை பாகையில் இருப்பதால் தென்வானத்தின் பெரும்பகுதியும் இங்கிருந்து தெரியும். அந்த வானத்தைப் பார்க்க, ஆஸ்திரேலியாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் இடைப்பட்ட தீர்க்கரேகைகளில் அப்போது பெரிய வசதி வேறு இல்லை.

இடம் கிடைத்ததுமே அவர் பெரிய தொலைநோக்கிக்குப் போய்விடவில்லை. 1968-இல் இங்கே முதலில் நின்றது 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி. கொடைக்கானல் பட்டறையில் தங்கள் கையாலேயே செய்தது. 1972-இல் கிழக்கு ஜெர்மனியின் யேனா நகரத்துக் கார்ல் ஸைஸ் நிறுவனத்திடம் வாங்கிய 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. இந்த இரண்டாவது படிதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. எல்லாவற்றையும் நாமே செய்ய வேண்டும் என்பதில் அவ்வளவு உறுதியாக இருந்த மனிதர், நடுவில் ஏன் ஒன்றை வாங்கினார்? ஆய்வு நின்றுவிடக்கூடாது என்பது வெளிப்படையான காரணம். அதோடு, உலகத்தரமான கருவி ஒன்றை அவர் ஆட்கள் ஆண்டுக்கணக்கில் இரவுதோறும் கையாண்டார்கள். எது கைக்கு இதமாக இருக்கிறது, எது இடிக்கிறது, பழுதானால் எங்கே கை நுழையாது என்பதெல்லாம் அவர்கள் உடம்புக்குத் தெரிந்துவிட்டது. 1977 மார்ச் 10-ஆம் தேதி யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, அந்தக் கோளுக்கு வளையங்கள் இருப்பதைக் காட்டிய ஒளி மங்கல் பதிவான இடங்களில் காவலூரும் ஒன்று; ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அன்று இங்கே பணியில் இருந்தார்கள். பெரிய தொலைநோக்கியைப் பற்றி வடிவமைப்பு மேசையில் பேசியவர்களில் இப்படி இரவெல்லாம் விழித்தவர்களும் இருந்தார்கள். பயனரைத் தேடி அவர்கள் வெளியே போகவேண்டியிருக்கவில்லை.

எங்கள் துறையில் பெரும்பாலும் நடப்பது நேர்மாறு. ஒருவர் பயனரைச் சந்தித்து அறிக்கை எழுதுவார். அறிக்கை இன்னொருவருக்குப் போகும், அவர் வரைவார். வரைபடம் மூன்றாமவருக்குப் போகும். அவர் நிரல் எழுதுவார். மூன்றாமவர் பதிவு கவுன்டரில் நிற்கும் நோயாளியை ஒருநாளும் பார்த்திருக்க மாட்டார். இதை ஒத்துழைப்பு என்று சொல்லிக்கொள்கிறோம். அஞ்சல் பரிமாற்றம் என்றால் பொருத்தமாக இருக்கும்.

2.34 மீட்டர் கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றியது பெங்களூரில், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஒளியியல் கூடத்தில். அந்த வேலைக்குத் தலைமை ஏற்றவர் ஏ.பி. ஜெயராஜன். கண்ணாடி தேய்ப்பது எப்படிப்பட்ட தொழில் என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். முதலில் முரட்டு அரைப்பொடி, பிறகு அதைவிட நைசானது, பிறகு அதனினும் நைசானது. ஒவ்வொரு பொடி மாறும்போதும் கூடம் முழுவதையும் கழுவித் துடைக்கவேண்டும். முந்தைய பொடியின் ஒரே ஒரு துகள் மிஞ்சினாலும் கண்ணாடியில் கீறல் விழும். கடைசியில் கீல் பூசிய தட்டால் மெருகு. தேய்க்கத் தேய்க்கக் கண்ணாடி சூடாகி வடிவம் மாறுவதால், தேய்த்த உடனே சோதித்துப் பார்க்க முடியாது. ஆறும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு சோதனை, மறுபடி தேய்ப்பு, மறுபடி காத்திருப்பு. ஒளியின் அலைநீளத்தில் ஒரு சின்னப் பங்கு அளவுக்கு மேடு பள்ளம் இருந்தாலும் பிம்பம் கெட்டுவிடும். 1858-இல் ஃபூக்கோ கண்டுபிடித்த கத்திமுனைச் சோதனையில், குவியும் ஒளிக்கு நடுவே ஒரு கூரிய விளிம்பைக் கொண்டுவந்தால், கண்ணுக்குத் தெரியாத அந்த மேடு பள்ளம் வெளிச்சமும் நிழலுமாக எழுந்து நிற்கும். அந்த நிழலைப் படிக்கத் தெரிவது தனி வித்தை. பாடத்தில் கொஞ்சம் கற்றுக்கொள்ளலாம். மீதிக்குத் தெரிந்தவர் பக்கத்தில் நின்று பல மாதங்கள் பார்க்கவேண்டும்.

ஆளை வளர்ப்பது என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்கவில்லை. பயிற்சி வகுப்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வடிவமைப்பில் தேர்ந்தவர் ஒரு திரையைப் பார்த்த மாத்திரத்தில் "இங்கே நர்ஸ் தடுமாறுவார்" என்று சொல்கிறாரே, அந்தக் கண் பக்கத்து நாற்காலியிலிருந்துதான் தொற்றிக்கொள்கிறது. செலவு மிச்சம் என்று மூத்தவர்களையும் புதியவர்களையும் வெவ்வேறு திட்டங்களில் பிரித்துப் போடுகிற மேலாளர்கள் இதை யோசிக்கவேண்டும்.

தாங்கியின் பொறியியல் வடிவமைப்பில் டாடா கன்சல்டிங் இன்ஜினியர்ஸ் கைகொடுத்தது. இரும்பு வேலை மகாராஷ்டிரத்தின் வால்சந்த்நகர் இண்டஸ்ட்ரீஸில் நடந்தது. சர்க்கரை ஆலை, சிமென்ட் ஆலை எந்திரங்கள் செய்து பழகிய கைகள் ஒரு நட்சத்திரத்தைப் பின்தொடரும் எந்திரத்தைச் செய்தன. மும்பைப் பொறியாளரும் பெங்களூர்க் கண்ணாடிக்காரரும் காவலூர் இரவுக்காரரும் ஒரே சொல்லை ஒரே பொருளில் புரிந்துகொள்ள எத்தனை கூட்டங்கள் நடந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். எங்கள் குழுவில் நான்கு பேரை வைத்துக்கொண்டே அது எளிதாக இல்லை.

1982 ஆகஸ்ட் 19-இல் வைணு பாப்பு ம்யூனிக் நகரில் காலமானார். வயது 55. தொலைநோக்கி அப்போது முடிந்திருக்கவில்லை. தலைவர் ஒருவரின் கனவாக மட்டும் இருந்திருந்தால் அந்தத் திட்டம் அங்கேயே படுத்திருக்கும். நம் நாட்டில் அப்படிப் படுத்தவை ஏராளம். இது படுக்கவில்லை. ஜே.சி. பட்டாச்சார்யா பொறுப்பேற்றார், ஜெயராஜனும் மற்றவர்களும் தத்தம் வேலையைத் தொடர்ந்தார்கள். 1986 ஜனவரி 6-ஆம் தேதி பிரதமர் ராஜீவ் காந்தி இங்கே வந்து, தொலைநோக்கிக்கும் வானாய்வகத்துக்கும் பாப்புவின் பெயரைச் சூட்டினார். இந்தக் கதையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது 1982-க்கும் 1986-க்கும் இடைப்பட்ட அந்தக் காலம்தான். தலைவர் இல்லாத நாளில் அவர் வளர்த்த குழு என்ன செய்கிறது என்பதை வைத்துத்தான் அவர் தலைமையை அளக்கவேண்டும் என்று நான் நம்புகிறேன். எல்லா முடிவுக்கும் தன் ஒப்புதல் வேண்டும் என்று பழக்கியிருந்தால், பாப்புவின் ஆட்கள் அந்த ஆகஸ்டில் கை பிசைந்து நின்றிருப்பார்கள்.

ஏறத்தாழ அதே காலத்தில், 1981-இல், ஸ்காண்டிநேவியாவில் யூடோபியா என்றொரு திட்டம் தொடங்கியது. செய்தித்தாள் அச்சுத் தொழிலாளர்களின் சங்கங்களும் கணினி ஆய்வாளர்களும் சேர்ந்து, பக்கம் வடிவமைக்கும் கணினிக் கருவியை உருவாக்கப் பார்த்தார்கள். தொழிலாளர்களுக்குக் கணினி தெரியாது, ஆய்வாளர்களுக்கு அச்சு தெரியாது. அட்டையிலும் மரத்திலும் பொம்மைக் கருவிகள் செய்துவைத்துப் பேசிப் பேசி வழி கண்டார்கள். எங்கள் துறை அதைத் தன் முன்னோடியாகக் கொண்டாடுகிறது, கொண்டாடட்டும், தகுதியானதுதான். முன்னோடிகளின் பட்டியலில் ஜவ்வாது மலைக்கும் ஓர் இடம் வேண்டும்.

மாலை மங்கியதும் பொதுமக்கள் வரிசை கூடியது. திருப்பத்தூர் பக்கமிருந்து பள்ளிப் பிள்ளைகள், ஆம்பூரிலிருந்து ஒரு கூட்டுக் குடும்பம். பெரியவர் இப்போது சின்னத் தொலைநோக்கி ஒன்றின் அருகே நின்றிருந்தார். கண் வைக்குமிடம் எட்டாத பிள்ளைகளுக்கு ஒரு படிக்கட்டு. எட்டுகிற உயரமுள்ளவர் வந்ததும் அதை இழுத்துவிடுவார். மூக்குக் கண்ணாடி போட்டவர்களிடம் கழற்றச் சொல்லி, தெளிவு வரும்வரை திருகைத் திருப்புவார். "தெரியுதா" என்று அவர் கேட்பதில்லை. "என்ன தெரியுது" என்றுதான் கேட்கிறார். தெரிகிறது என்று சும்மா தலையாட்டிவிட்டுப் போகிற கூச்சக்காரர்கள் அந்தக் கேள்வியில் மாட்டிக்கொள்வார்கள். அவர்களுக்கு மறுபடி சரிசெய்து காட்டுவார். பயனரிடம் கேள்வி கேட்கும் முறையை நான் என் ஆட்களுக்கு ஒரு முழு நாள் வகுப்பாக எடுக்கிறேன்.

இந்தக் குழுவின் வம்சம் நின்றுவிடவில்லை. இங்கே 45 சென்டிமீட்டர் ஷ்மிட் தொலைநோக்கியைக் கொண்டு ஆர். ராஜமோகன் 1988-இல் கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் பெயர் வைத்தார்கள். 2000-இல் லடாக்கின் ஹான்லேயில் 2 மீட்டர் தொலைநோக்கி முதல் ஒளி கண்டது. அதை இயக்குபவர்கள் பெங்களூருக்குப் பக்கத்தில் ஹோசகோட்டேயில் உட்கார்ந்து, செயற்கைக்கோள் இணைப்பு வழியாக இயக்குகிறார்கள். குளிரில் விறைக்கும் விரல் இப்போது இல்லை. ஆனால் மேகம் கூடுவதையும் காற்று மாறுவதையும் உடம்பால் உணர்ந்தவருக்கு அதையெல்லாம் ஒரு திரை சொல்லியாக வேண்டும். வடிவமைப்புப் பிரச்சினை தீர்ந்துபோய்விடவில்லை, இடம் மாறியிருக்கிறது. 2023-இல் சூரியனை நோக்கிப் போன ஆதித்யா எல்-1 கலத்தில் உள்ள வெல்க் என்ற கருவியை உருவாக்கியதும் இதே இந்திய வானியற்பியல் நிறுவனம்தான்.

கிளம்பும்போது பெரியவரிடம், என் குழுவை அழைத்துவந்தால் எந்தச் சமயம் நல்லது என்று கேட்டேன். நல்ல வானம் ஜனவரியிலிருந்து என்று சொல்வார் என எதிர்பார்த்தேன்.

"மழைக்காலத்துல வாங்கம்மா. அப்பதான் கழட்டி மாட்டுற வேலையெல்லாம் இருக்கும்."

கண்ணாடியின் மேலுள்ள அலுமினியப் பூச்சு நாளாக நாளாக மங்கும். அப்போது பழைய பூச்சை ரசாயனம் விட்டுக் கழுவி, கண்ணாடியை வெற்றிடக் கலத்துக்குள் வைத்து, அலுமினியத்தை ஆவியாக்கி மறுபடி படியவைப்பார்கள். தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கே தேறும் படலம். அவ்வளவு பெரிய கண்ணாடியை இறக்கும்போது கிரேன் ஓட்டுபவர், மெக்கானிக், ஒளியியல்காரர், எலக்ட்ரீஷியன் எல்லோரும் ஒரே இடத்தில் நிற்கவேண்டும், ஒருவர் கையசைவுக்கு மற்றவர்கள் நகரவேண்டும். அதைப் பார்க்க அனுமதி பெங்களூரில் கேட்கவேண்டுமாம். திங்கட்கிழமை கடிதம் எழுதிவிட்டேன். வரப்போகிறவர்கள் பட்டியலில் முதல் இரண்டு பெயர்கள், எங்களிடம் நிரல் எழுதுகிறவர்களுடையவை.