தரையில் பூத்த உப்பு

சென்ற சோளகக் காலத்தில் எமது வீட்டு விறாந்தைத் தரையை நாமே துப்புரவு செய்தோம். எழுபது வயதைக் கடந்த ஓர் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் முழந்தாளிட்டுத் தரை தேய்த்ததில் எழுதுவதற்கு என்ன இருக்கிறதென்று வாசகர்கள் வினவலாம். அத்தரை கற்பித்த பாடம் எமது தொழிலையும் கொள்கையையும் ஒருங்கே தொட்டது. ஆதலால் எழுதுகிறோம்.

மலாயாவில் இலிகிதராயிருந்து மீண்ட எமது பாட்டனார் கட்டிய வீடு அது. விறாந்தையில் அவர் பதித்தவை இந்தியாவின் மேற்குக் கரையிலிருந்து வந்த சிவந்த சதுர ஓடுகள். 1865 இல் பாசல் மிஷன் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழில் பின்னர் கள்ளிக்கோட்டையிலும் வேரூன்றியது. ஆற்றுக் களிமண்ணைப் பிசைந்து, அச்சிலிட்டு, உலர்த்தி, சூளையில் சுட்டவர்கள் அவ்வூர்த் தொழிலாளர்கள். எமது ஓடுகளுக்குக் கண்ணாடிப் பூச்சு இல்லை. அவற்றின் நுண்துளைகள் திறந்தே இருக்கும்; நீரும் எண்ணெயும் அழுக்கும் தடையின்றி உட்புகும்.

1995 இடப்பெயர்வின் பின் நெடுங்காலம் பூட்டிக்கிடந்த வீட்டில் அத்தரை கன்னங்கரேலென்று இருந்தது. சுவரோரங்களில் வெண்ணிறப் பொடி படர்ந்திருந்தது. அமிலம் ஊற்றினால் ஒரே நாளில் வெளுக்கும் என்றார் மேசன். ஆனால் ஓடுகளைப் பிணைத்திருப்பது சுண்ணாம்புச் சாந்து. அமிலம் அதைத் தின்றுவிடும். எனவே வெந்நீரில் சலவைச் சோடாவைக் கரைத்து, நாலைந்து ஓடுகளாகத் தடவி, கால்மணி நேரம் ஊறவிட்டு, தும்புத் தூரிகையால் தேய்த்தோம். கரைந்த கருமையை உடனே துணியால் ஒற்றியெடுத்து, நல்ல நீரால் இருமுறை துடைத்தோம். நாளொன்றுக்கு ஒரு பாய் அளவு இடமே முடிந்தது. முழந்தாள் வீங்கியது, விரல் நுனிகள் உரிந்தன. மூன்றாம் வாரம் செம்மண் நிறம் முகங்காட்டிற்று.

மகிழ்ந்திருந்த வேளையில் வெண்பொடி மீண்டும் தோன்றியது. கழுவினோம்; மறைந்தது. காய்ந்ததும் முன்னிலும் மிகுதியாய்ப் பூத்தது. அப்பொழுதுதான் அறுபது ஆண்டுகளுக்கு முந்திய ஒரு குரல் எம் நினைவில் ஒலித்தது.

"தேச்சேங்கம்மா. திரும்பத் திரும்ப வருதுங்க."

மலையகத் தோட்டமொன்றிலிருந்து எமது வீட்டு வேலைக்குக் கொண்டுவரப்பட்ட சிறுமியின் குரல் அது. வந்தபோது அவளுக்குப் பத்து வயது இருக்கலாம். எமக்கும் ஏறக்குறைய அதே வயது. நாம் பள்ளிக்கூடம் போனோம். அவள் தரை துடைத்தாள். அவளைப் பெயர் சொல்லி அழைத்தவர் எமது வீட்டில் எவருமிலர். 'பெட்டை' என்பதே அவள் பெயராயிற்று. நாள்தோறும் வாளி வாளியாய் நீரள்ளிக் கழுவுவாள். பின்னர் அம்மாவின் கட்டளைப்படி தேங்காயெண்ணெய் தடவி, பொச்சுமட்டையில் ஒரு காலை ஊன்றி விறாந்தை முழுவதும் தேய்ப்பாள். மறுநாள் உப்புப் பூத்திருக்கும். எண்ணெய் பூசிய இடம் கறுத்துப் பிசுபிசுக்கும். "வடிவாய்த் தேய்க்கத் தெரியாதோடி உனக்கு?" என்று அம்மா கேட்பார். சில நாள்களில் கேள்வியோடு கையும் ஓங்கும்.

1966 இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலத்தைப் பற்றி அதே விறாந்தையில் இருந்து நண்பர்களோடு ஆவேசமாய் வாதிட்டோம். நாம் எழுந்து போனதும் எமது காற்சுவடுகளைத் துடைத்தவள் அவள். அது எமக்கு உறுத்தவில்லை.

நிலத்தின் ஈரம் உப்பைக் கரைத்துக்கொண்டு ஓட்டின் நுண்துளைகள் வழியே மேலேறும். மேற்பரப்பில் நீர் ஆவியாகும், உப்பு எஞ்சும். நீரூற்றிக் கழுவினால் உப்பு கரைந்து உள்ளே போய், காய்ந்ததும் திரும்ப வரும். உலர்ந்த தூரிகையால் கூட்டி அகற்றிக் காற்றோட்டமாய் உலரவிடுவதே வழி. தேங்காயெண்ணெயோ காற்றில் இறுகாதது. பசையாகவே நின்று தூசியைப் பிடித்து வைக்கும். மயிர்த்துளைக் கவர்ச்சியையும் ஆவியாதலையும் முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிய நாம், அவற்றைக் காலடியில் கண்டதில்லை. அச்சிறுமி கண்டாள், கண்டதைச் சொன்னாள். அது கள்ளச் சாட்டென்று தீர்க்கப்பட்டது. தீர்த்தவர் எவரும் ஒருநாளும் அத்தரையைத் துடைத்தவரல்லர்.

1948 ஆம் ஆண்டின் சட்டம் அவள் பெற்றோரை நாடற்றவராக்கியது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இந்தியாவுக்குரியவர்களாகக் கணக்கிட்டது. 1971 இல் அவள் தந்தை வந்து அழைத்துச் சென்றார், தலைமன்னாரில் கப்பலேறினர். எட்டு ஆண்டு உழைப்புக்கு அம்மா கொடுத்தது இரண்டு சேலைகளும் வழிச்செலவும். நாம் படலை வரை சென்றோம், ஒன்றும் பேசவில்லை.

காற்றில் ஆறு வாரம் உலரவிட்ட பின், கொதிக்கவைத்த ஆளிவிதை எண்ணெயில் கர்ப்பூரத்தைலம் கலந்து மெல்லியதாய்த் தேய்த்து, மிகுதியை உடனே துடைத்தோம். அது காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து இறுகும். எண்ணெய்த் துணியைச் சுருட்டி வைத்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். ஆகவே முற்றத்தில் விரித்துக் காயவிட்டோம். ஈற்றில் தேன்மெழுகு பூசினோம்.

இப்பொழுது தரை செவ்வொளி வீசுகிறது. வருவோர் எமது உழைப்பை மெச்சுகின்றனர். அவர்களுக்கு இக்கதையைச் சொல்லாமல் விடுவதில்லை. சுவரோரத்தில் இன்றும் இடைக்கிடை சிறிது உப்புப் பூக்கிறது. அதை நாமே கூட்டுகிறோம்.